அணுக்கழிவுப் புதைகளத் தடுப்புகளும் கணக்கில் உள்ள நிச்சயமின்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கேபிஎஸ்-3 என்ற முறையைச் சேர்ந்தவை. ஸ்வீடனில் ஃபோர்ஸ்மார்க்கிலும் பின்லாந்தில் ஓல்கிலூட்டோவிலும் பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளைப் படிகப் பாறைக்குள் புதைக்க இந்த முறைதான் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸ்வீடனில் எஸ்கேபி நிறுவனம் 2011 மார்ச்சில் விண்ணப்பித்தது, அரசு 2022 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. பின்லாந்தின் போசிவா நிறுவனம் 2015ல் கட்டுமான உரிமம் பெற்று, 2021 டிசம்பரில் இயக்க உரிமத்துக்கு விண்ணப்பித்தது. இந்த இரண்டு இடங்களின் கணக்குகளும் யாரும் எடுத்துப் படிக்கக்கூடியவை. அதனால் எண்களோடு பேச முடிகிறது.

தடுப்புகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

உள்ளிருந்து வெளியே வருவோம். முதலில் எரிபொருள் வில்லை. யுரேனியம் டை ஆக்சைடால் ஆனது, ஆக்சிஜன் இல்லாத நீரில் மிக மிக மெதுவாகத்தான் கரையும். அதைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டகம். அதன்மேல் 5 செ.மீ. தடிப்புள்ள செம்புக் கலன். கலனின் விட்டம் 1.05 மீட்டர், நீளம் சுமார் 4.8 மீட்டர், நிரப்பியபின் எடை ஏறத்தாழ 25 டன். சுரங்கத் தரையில் 1.75 மீட்டர் விட்டத்தில் சுமார் 8 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி அதில் நிறுத்துவார்கள். கலனைச் சுற்றி 35 செ.மீ., அடியில் 50 செ.மீ., தலைக்கு மேல் 1.5 மீட்டர் என்று இறுக்கி அழுத்திய, நனைந்தால் வீங்கும் பென்டோனைட் களிமண். அதற்கு வெளியே பாறை. ஆழம் ஃபோர்ஸ்மார்க்கில் சுமார் 470 மீட்டர், ஓல்கிலூட்டோவில் 400 முதல் 450 மீட்டர்.

ஒவ்வொரு தடுப்புக்கும் எண்ணால் அளக்கக்கூடிய கடமை ஒன்று உண்டு. களிமண் நீர் ஓட விடக்கூடாது: நீர் கடத்துதிறன் நொடிக்கு 1 மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கவேண்டும். அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. கலன் 5 செ.மீ. பாறை நகர்வைத் தாங்கவேண்டும். இப்படி எழுதி வைத்தபிறகுதான் மாதிரிக் கணக்குக்கு (நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கு) வேலை வருகிறது. எந்தக் கடமை எப்போது, எதனால் தவறும் என்பதே அதற்குக் கொடுக்கப்படும் கேள்வி.

லட்சம் ஆண்டு கழித்து நடக்கப்போவதைக் கணினி சொல்லிவிடுமா?

சொல்லாது. அப்படிச் சொல்வதாக எந்தப் பொறுப்பான மதிப்பீடும் உரிமை கோருவதில்லை. சட்டம் வைத்திருக்கும் எல்லைக்குள் இந்த அமைப்பு நிற்கிறதா, எந்த அனுமானம் பிசகினால் நிற்காது என்பதைத்தான் தேடுகிறார்கள்.

ஸ்வீடனின் எல்லை இது: மிக அதிகம் பாதிக்கப்படக்கூடிய குழுவில் உள்ள ஒருவருக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு ஆண்டுக்கு 10 லட்சத்தில் 1ஐத் தாண்டக்கூடாது. கதிர்வீச்சாக மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 14 மைக்ரோசீவெர்ட். உலகில் ஒருவர் இயற்கையிலிருந்தே பெறும் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட், அதில் ஏறத்தாழ 170ல் ஒரு பங்கு. பின்லாந்து வேறு வழியில் போகிறது. முதல் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு மனிதர் பெறும் அளவில் வரம்பு. அதன்பிறகு ஒவ்வொரு கதிரியக்கத் தனிமமும் ஆண்டுக்கு எவ்வளவு வெளியேறலாம் என்பதில் வரம்பு. பல்லாயிரம் ஆண்டுக்குப் பின் மனிதர் எங்கே கிணறு வெட்டுவார், என்ன சாப்பிடுவார் என்று ஊகிப்பதைவிடப் பாறையிலிருந்து வெளிவருவதை வரம்பிடுவது நேர்மையானது. எங்கள் பார்வையில் பின்லாந்தின் வழிதான் தெளிவானது.

நிச்சயமின்மையில் எத்தனை வகை?

பாடநூல்களில் மூன்று: எதிர்காலச் சூழல் பற்றியது (பனியுகம் வருமா, நிலநடுக்கம் வருமா, யாராவது தெரியாமல் துளையிடுவார்களா), மாதிரி பற்றியது (நாம் எழுதிய சமன்பாடு அங்கே நடப்பதைத்தான் சொல்கிறதா), அளவுரு பற்றியது (சமன்பாட்டில் போடும் எண்).

நடைமுறையில் இன்னொரு பிரிவினை அதிகம் உதவும். பாறை இடத்துக்கு இடம் மாறுவது ஒன்று. நமக்குத் தெரியாதது இன்னொன்று. ஃபோர்ஸ்மார்க்கில் வரப்போகும் சுமார் 6000 குழிகளில் சிலவற்றில் நீர் கசியும், பெரும்பாலானவற்றில் கசியாது. இது இயல்பான மாறுபாடு. எத்தனை ஆய்வு செய்தாலும் போகாது. எத்தனை குழிகளில் கசியும் என்பது அறியாமை. தோண்டத் தோண்டக் குறையும். இரண்டையும் ஒரே நிகழ்தகவுப் பரவலில் கலந்துவிட்டால், கூடுதல் ஆய்வுக்குப் பணம் செலவழித்தால் பலன் உண்டா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கலந்த கணக்கைப் பிரித்தெடுப்பது முதலிலிருந்து செய்வதைவிடக் கடினம்.

கணக்கு எப்படி இருக்கும்? ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்.

செம்பு அரிப்பை எடுத்துக்கொள்வோம். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. செம்பை அரிப்பது நீரில் கரைந்த சல்ஃபைடு. ஒரு மோல் சல்ஃபைடு இரண்டு மோல் செம்பைத் தின்று செம்பு சல்ஃபைடாக்கும், ஹைட்ரஜன் வெளிவரும். களிமண் முழுதாக இருக்கும்வரை சல்ஃபைடு அதனூடே விரவி ஊர்ந்துதான் வரமுடியும். களிமண்ணின் ஒரு பகுதி போய்விட்டால் ஓடும் நீரே கலனைத் தொடும். அந்த மோசமான நிலையைக் கணக்கிடுவோம். கீழே உள்ளவை கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட எண்கள்.

குழி வழியே ஓடும் நீர் ஆண்டுக்கு 0.1 கன மீட்டர். சல்ஃபைடு லிட்டருக்கு 0.00001 மோல், அதாவது கன மீட்டருக்கு 0.01 மோல். ஆண்டுக்குக் கலனை வந்தடைவது 0.001 மோல் சல்ஃபைடு. அது தின்னும் செம்பு 0.002 மோல். ஒரு மோல் செம்பின் கன அளவு 7.1 கன செ.மீ. என்பதால் ஆண்டுக்கு 0.0142 கன செ.மீ. செம்பு போகும். பத்து லட்சம் ஆண்டில் 14,200 கன செ.மீ. இது கலன் முழுவதும் பரவாது. களிமண் போன இடத்தில் மட்டும், கலனின் பாதிச் சுற்றளவில் 35 செ.மீ. உயரத்துக்கு அரிப்பு நடக்கிறது என்று வைத்தால் பரப்பு சுமார் 5800 சதுர செ.மீ. வகுத்தால் 2.5 செ.மீ. ஐந்தில் பாதி போயிருக்கிறது, கலன் தாங்குகிறது.

இப்போது எண்களை அசைத்துப் பாருங்கள். ஓட்டம் நூறில் ஒரு பங்காகவும் சல்ஃபைடு பத்தில் ஒரு பங்காகவும் இருந்தால், பத்து லட்சம் ஆண்டில் அரிப்பு 0.025 மில்லிமீட்டர். ஓட்டம் பத்து மடங்கானால் 5 செ.மீ. செம்பும் 2 லட்சம் ஆண்டில் தீர்ந்துவிடும். இரண்டு எண்களுமே இடத்துக்கு இடம் பல மடங்கு மாறுபவை. சராசரி ஓட்டத்தையும் சராசரி சல்ஃபைடையும் போட்டு ஒரே கணக்கு செய்தால் விடை பெரும்பாலும் "ஒரு கலனும் உடையாது" என்றுதான் வரும். ஆபத்து முழுவதும் அதிக ஓட்டமும் அதிக சல்ஃபைடும் ஒரே குழியில் சேரும் அந்தச் சில இடங்களில்தான் இருக்கிறது. பரவலின் நடுப்பகுதியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அதன் வால்பகுதி (அரிதாக வரும் மிகப் பெரிய மதிப்புகள்) தெரியாவிட்டால் பயனில்லை.

அந்த சல்ஃபைடு எண் எங்கிருந்து வருகிறது? நம்பலாமா?

ஆழ்துளைகளில் ஒரு பகுதியை அடைப்பான்களால் தனித்து வைத்து, அங்கிருந்து நீரை இறைத்துச் சோதிக்கிறார்கள். இதில் சிக்கல் உண்டு. அடைபட்டுத் தேங்கிய நீரில் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். உபகரணத்தின் உலோகமும் பிளாஸ்டிக்கும்கூட அவற்றுக்குத் தீனியாகலாம். அதனால் முதலில் வரும் நீரில் சல்ஃபைடு கூடுதலாகவும், இறைக்க இறைக்கக் குறைந்தும் காணப்படும். எவ்வளவு இறைத்தபின் எடுத்த நீர் என்ற குறிப்பு இல்லாத தரவைப் பரவலில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் வால்பகுதி பொய்யாக நீளும். "கூடுதல்தானே, பாதுகாப்பான பக்கம்தானே" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. பொய்யான வால்பகுதி எந்தக் குழியைத் தவிர்க்கவேண்டும் என்ற தேர்வையே திசைதிருப்பிவிடும்.

அளவீடு சரியாக இருந்தாலும் அது இன்றைய நீரின் அளவு. நுண்ணுயிர்க்குக் கிடைக்கும் கரிமப் பொருளும் ஹைட்ரஜனும் மீத்தேனும் அடுத்த பனியுகத்தில் எப்படி மாறும் என்பது தனிக் கணக்கு.

களிமண் எப்படிக் காணாமல் போகும்?

பென்டோனைட் உப்பு நீரில் கூழாகக் கட்டி நிற்கும். மிக நன்னீரில் அதன் துகள்கள் பிரிந்து நீரோடு போய்விடும். பனிப்பாளம் உருகி வரும் நீர் அப்படிப்பட்டது. உயர் அழுத்தத்தோடு விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்கக்கூடியது. நீரில் நேர்மின் அயனிகளின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 4 மில்லிமோல் சமானத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்று எஸ்கேபியின் 2011 மதிப்பீடு எடுத்துக்கொண்டது. ஒரு குழியிலிருந்து ஏறத்தாழ 1200 கிலோ போனபின் நீர் ஓட்டமாகவே கலனை அடையும் என்றும் வைத்தது.

எவ்வளவு வேகத்தில் போகும் என்பதில்தான் பலவீனம். ஆய்வகத்தில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே செயற்கை விரிசல் வைத்துச் சோதிக்கிறார்கள். உண்மை விரிசலின் இடைவெளி சீரற்றது, சாய்வு வேறு, ஓடும் காலம் பல்லாயிரம் ஆண்டு. இந்த இடத்தில் எடுக்கப்பட்ட முடிவு நல்ல பாடம். அரிப்பு மாதிரியை இன்னும் மெருகேற்றிக்கொண்டிருக்காமல், எல்லாக் குழிகளிலும் முதல் நாளிலிருந்தே களிமண் நீரைத் தடுக்கவில்லை என்று வைத்து ஒரு கணக்கைப் போட்டார்கள். அப்படியும் பத்து லட்சம் ஆண்டில் உடையும் கலன்கள் சராசரியாக ஒன்றைத் தாண்டவில்லை. காரணம், ஃபோர்ஸ்மார்க் பாறையில் 400 மீட்டருக்குக் கீழே நீர் கடத்தும் விரிசல்களுக்கு நடுவே சராசரி இடைவெளி 100 மீட்டருக்கு மேல். பெரும்பாலான குழிகளுக்கு ஓடும் நீரே கிடையாது. களிமண் பற்றிய அறியாமை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது விடையை எவ்வளவு அசைக்கிறது என்பது முக்கியம் என்று இதனால் தெரிந்தது. அசைப்பது நீரோட்டமும் சல்ஃபைடும்.

களிமண் நனைவதைக் கணிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

களிமண் கட்டிகளை உலர்நிலையில் வைக்கிறார்கள். கலன் உள்ளிருந்து சூடாக்குகிறது (வைக்கும்போது ஒரு கலனுக்கு அதிகபட்சம் 1700 வாட்). பாறை வெளியிலிருந்து நனைக்கிறது. நனைந்த பகுதி வீங்கி, நனையாத பகுதியை அழுத்துகிறது. சூட்டுப் பக்கத்தில் ஆவியாகும் நீர் வெளிப்புறமாகப் போய்க் குளிர்ந்து மீண்டும் நீராகிறது. வெப்பம், நீர், விசை மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும். உப்பையும் சேர்த்தால் நான்கு.

சுவிட்சர்லாந்தின் கிரிம்செல் சுரங்க ஆய்வகத்தில் நடந்த ஃபெபெக்ஸ் சோதனை இதற்குத் தெளிவான சாட்சி. 1997ல் இரண்டு சூடேற்றிகளைப் பென்டோனைட்டால் சூழ்ந்து 100 டிகிரியில் இயக்கத் தொடங்கினார்கள். ஒன்றை 2002ல் பிரித்தார்கள், மற்றதை 18 ஆண்டு கழித்து 2015ல். தொடக்க ஆண்டுகளில் மாதிரியும் அளவீடும் நன்றாகவே ஒத்துப்போயின. மாட்ரிட்டில் அதே சோதனையின் ஆய்வகப் பதிப்பில், காலம் போகப்போக மாதிரி சொன்னதைவிட நனைதல் மெதுவானது. களிமண்ணின் நுண்துளைகள் வீங்கிப் பெருந்துளைகளை அடைப்பது, வெப்ப வேறுபாடே நீரைத் தள்ளுவது, மிகச் சிறிய அழுத்தச் சாய்வில் நீர் நகராமலே இருப்பது என்று மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. மூன்றில் எதைச் சேர்த்தாலும் வளைகோட்டைப் பொருத்திவிட முடிகிறது. அளவீட்டோடு பொருந்தியதாலேயே காரணம் பிடிபட்டதாகிவிடாது.

இந்தக் கணக்குகளில் அடிக்கடி நேரும் பிழைகள் சிலவற்றைச் சொல்லவேண்டும். வெப்பநிலையை வைத்து மாதிரியைச் சரிபார்ப்பது மிகப் பொதுவானது. வெப்பக் கடத்தல் எளிய இயற்பியல், நீர்ப் பகுதி தவறாக இருந்தாலும் வெப்பநிலை ஏறக்குறைய சரியாகவே வரும். ஈரப்பதம், வீக்க அழுத்தம், பிரித்தபின் அளந்த அடர்த்தி ஆகியவற்றோடு ஒப்பிட்டால்தான் சோதனை. அடுத்தது, நீர் தேக்கு வளைகோட்டை (எவ்வளவு உறிஞ்சுவிசையில் களிமண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும் என்று காட்டுவது) களிமண்ணைத் தளர்வாக வீங்கவிட்டு அளந்துவிட்டு, இடமே இல்லாமல் அடைபட்ட களிமண்ணுக்குப் போடுவது. அதிக ஈரத்தில் இரண்டும் வெகுவாக விலகும். மூன்றாவது, கட்டிக்கும் பாறைக்கும் நடுவே துகள் களிமண் நிரப்பும் 5 செ.மீ. இடைவெளியை, கணினி இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையில் ஒரே ஒரு வலைக்கண்ணாக வைப்பது. நான்காவதைக் கண்டுபிடிப்பது கடினம்: கணக்கு ஒரு விடையில் நிலைகொள்ளாமல் நின்றுவிடுகிறது என்று ஊடுருவுதிறனுக்கு ஒரு கீழ்வரம்பு போட்டு ஓட்டிவிடுவார்கள். அந்தக் கீழ்வரம்பே நனையும் காலத்தைத் தீர்மானித்துவிடும். அறிக்கையில் அது பின்னிணைப்பு அட்டவணையில் ஓர் எண்ணாக ஒளிந்திருக்கும்.

முழுதாக நனைய ஆகும் காலம் குழிக்குக் குழி சில பத்து ஆண்டுகளிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகள் வரை மாறும். அதை நிர்ணயிப்பது களிமண்ணைவிடப் பாறைதான்.

பாறை விரிசல்களை எப்படி மாதிரியாக்குகிறார்கள்?

ஆழ்துளையில் தெரிவது விரிசலின் ஒரு வெட்டுப்புள்ளி மட்டும். அது 2 மீட்டர் விரிசலா, 200 மீட்டர் விரிசலா என்று துளை சொல்லாது. மேற்பரப்புப் பாறையில் அளந்த சிறு விரிசல்களையும் வான்வழி அளவையில் தெரியும் பெரிய பிளவுகளையும் இணைத்து, நடுவில் உள்ள அளவுகளை ஒரு அடுக்குவிதியால் (நீளம் கூடக்கூட எண்ணிக்கை ஒரே விகிதத்தில் குறையும் என்ற விதி) நிரப்புகிறார்கள். பிறகு கணினி ஆயிரக்கணக்கான விரிசல்களைத் தற்செயலாக உருவாக்கும். ஒரே புள்ளியியலில் பல பாறைகளைப் பிறப்பித்து ஒவ்வொன்றிலும் நீரோட்டம் கணக்கிடுவார்கள்.

இதில் கூர்ந்து பார்க்கவேண்டியது ஒன்று: பெரிய விரிசல் அதிக நீர் கடத்துமா? முழுத் தொடர்பு, பகுதித் தொடர்பு, தொடர்பே இல்லை என்று மூன்று அனுமானங்கள் உள்ளன. மூன்றுமே அதே ஆழ்துளைத் தரவோடு பொருந்தும்படி செய்யலாம். உடையும் கலன்களின் எண்ணிக்கை மட்டும் மூன்றிலும் வேறு. 2011 மதிப்பீடு மூன்றையும் ஓட்டி மூன்று விடைகளையும் வெளியிட்டது. மூன்றுக்கும் எடை கொடுத்து ஒரே எண்ணாகச் சுருக்கியிருந்தால் இந்த முக்கியமான தகவல் மறைந்திருக்கும்.

மான்டே கார்லோவில் எத்தனை ஓட்டம் போதும்?

மான்டே கார்லோ என்பது அளவுருக்களைத் தற்செயலாக மாற்றி மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டுவது; ஒவ்வொரு முறையும் ஓர் ஓட்டம். எத்தனை போதும் என்பது எவ்வளவு அரிய நிகழ்வைப் பிடிக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆயிரத்தில் ஒருமுறை நிகழ்வதை 1000 ஓட்டங்களில் ஒருமுறைகூடக் காணாமல் போகும் வாய்ப்பு 37 சதவீதம். 3000 ஓட்டங்களில் 5 சதவீதம். காண்பது மட்டும் போதாது, அதன் விளைவின் சராசரி நிலைக்கவேண்டும் என்றால் பத்தாயிரங்கள் வேண்டும்.

எந்த அளவுரு விடையை அசைக்கிறது என்று பார்க்கும் சோபோல் முறை இன்னும் செலவானது. 20 அளவுருக்கள், அடிப்படை மாதிரி எண்ணிக்கை 1000 என்றால் 22,000 ஓட்டங்கள். ஒரு ஓட்டத்துக்கு 8 மணி நேரம் ஆனால் ஒரே கணினியில் 20 ஆண்டு. அதனால் சில நூறு முழு ஓட்டங்களை வைத்து, முழு மாதிரியின் விடையை வேகமாக ஊகிக்கும் பதிலி மாதிரி ஒன்றைப் பயிற்றி, அதில் மீதியை ஓட்டுவார்கள். பதிலி மாதிரிகள் வழுவழுப்பானவை. நீர் கொதிக்கத் தொடங்கும் இடம், களிமண் துகள் பிரியத் தொடங்கும் உப்புச் செறிவு போன்ற திடீர் திருப்பங்களை அவை மழுங்கடித்துவிடும். திருப்பம் இருக்கும் இடம் தெரிந்தால் இரண்டு பக்கமும் தனித்தனிப் பதிலி வையுங்கள்; தெரியாவிட்டால் அங்கே கூடுதல் முழு ஓட்டங்களைக் கொட்டித் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மோசமான எண்ணைப் போட்டுவிட்டால் தொல்லை தீருமே?

ஒரு தடுப்புக்கு மோசமானது இன்னொன்றுக்கு நல்லதாக இருக்கும். களிமண் அடர்த்தியைப் பாருங்கள். குறைந்தால் வீக்க அழுத்தம் குறைந்து நுண்ணுயிர் உள்ளே பிழைக்கும், நீர் ஊடுருவும். கூடினால் களிமண் கெட்டித்து, பாறை நகரும்போது அந்த அதிர்ச்சியை அப்படியே கலனுக்குக் கடத்தும். அதனால்தான் நனைந்த நிலையில் கன மீட்டருக்கு 1950 முதல் 2050 கிலோ என்று இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறார்கள். உலர்ந்த பாறையில் சூடு கூடும். ஈரப் பாறையில் அரிப்பு கூடும். எல்லாவற்றிலும் மோசமான பாறை என்று ஒன்று கிடையாது.

இன்னொரு பொறி எதிர்த்திசையில் இருக்கிறது. "தெரியவில்லை, பரவலை அகலமாக வைப்போம்" என்பது எச்சரிக்கையாகத் தோன்றும், ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் 10 அலகு அளவில் கதிர்வீச்சு ஆயிரம் ஆண்டுக்கு நீடிக்கிறது, எப்போது தொடங்கும் என்பதுதான் தெரியாது என்று வைப்போம். தொடக்கம் 10,000 ஆண்டுக்குள் எங்கோ என்றால் எல்லா ஓட்டங்களின் சராசரி எந்தக் கணத்திலும் 1 அலகு. தொடக்கம் லட்சம் ஆண்டுக்குள் எங்கோ என்றால் சராசரி 0.1 அலகு. அறியாமை கூடியதால் ஆபத்து பத்தில் ஒன்றாகிவிட்டது போல வரைபடம் காட்டும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: சராசரியின் உச்சத்தோடு, ஒவ்வொரு ஓட்டத்தின் உச்சங்களின் சராசரியையும் அருகே போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே பல மடங்கு இடைவெளி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மாதிரியின் அடிப்படையே தவறாக இருந்தால்?

அப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் புதைகளத்துக்காக ஆராயப்பட்ட யக்கா மலையில் பாறைக்குள் இறங்கும் மழைநீர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று தொடக்கத்தில் கொண்டார்கள். 1990களில் ஆய்வுச் சுரங்கத்துக்குள், அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கூடிய குளோரின்-36 சில இடங்களில் தென்பட்டதாக முடிவுகள் வந்தன. அப்படியானால் நீர் சில பத்து ஆண்டுகளிலேயே ஆழத்துக்கு இறங்கும் வேகப் பாதைகள் உண்டு. பிற்காலச் சரிபார்ப்பில் ஆய்வுக்குழுக்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனாலும் கசிவு மதிப்பீடு பல மில்லிமீட்டராக உயர்த்தப்பட்டது, பாறை மாதிரி மாற்றி எழுதப்பட்டது.

ஜெர்மனியின் அஸ்ஸே பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்கள் வைக்கப்பட்டன. 1988க்குப் பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கன மீட்டர் உப்புநீர் உள்ளே வருகிறது. எத்தனை லட்சம் மான்டே கார்லோ ஓட்டங்களும் இதைக் காட்டியிருக்காது. கணக்கில் இல்லாத பாதையை ஓட்டங்கள் கண்டுபிடிக்காது. இதற்கு மருந்து, நிகழக்கூடியவற்றின் பட்டியலை மாதிரி எழுதுபவர்கள் தனியாகத் தயாரிக்காமல் இருப்பது, ஒரே தரவைத் தனித்தனிக் குழுக்களிடம் தனித்தனி நிரல்களோடு கொடுப்பது. 1992 முதல் நடக்கும் டெகோவலெக்ஸ் கூட்டுத்திட்டம் இதைச் செய்கிறது. குழுக்களின் விடைகள் விலகும் அகலம், எந்த ஒரு குழு தன் விடைக்குப் போட்ட பிழை வரம்பைவிடவும் நேர்மையான அளவு.

செம்பு ஆக்சிஜன் இல்லாமலே அரிபடும் என்ற சர்ச்சை தீர்ந்ததா?

ஸ்டாக்ஹோம் கேடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986லும் மீண்டும் 2007லும், ஆக்சிஜன் அற்ற தூய நீரிலேயே செம்பு அரித்து ஹைட்ரஜனை விடுகிறது என்று வெளியிட்டார்கள். வேறு ஆய்வகங்கள் திருப்பிச் செய்தபோது, மேற்பரப்பில் ஏற்கெனவே இருந்த ஹைட்ரஜனுக்கும் மிகச் சிறிய வினைக்கும் மேல் காணவில்லை என்ற முடிவுகளே பெரும்பாலும் வந்தன. 2018 ஜனவரியில் ஸ்வீடனின் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், இது உட்பட கலன் பற்றிய ஐந்து ஐயங்கள் தீராமல் அனுமதி தரக்கூடாது என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. சல்ஃபைடால் செம்பில் புள்ளிபுள்ளியாகக் குழி விழுதல், இழுவிசையில் விரிசல், ஹைட்ரஜனால் நொறுங்குதன்மை, கதிர்வீச்சின் பங்கு ஆகியவை மற்றவை. எஸ்கேபி 2019ல் கூடுதல் ஆவணங்களைக் கொடுத்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றைப் போதுமானவை என்றது.

குழி விழுதல்தான் எங்களுக்கு இவற்றில் முக்கியமாகப் படுகிறது. மேலே போட்ட கணக்கு அரிப்பு சீராகப் பரவுகிறது என்று கொள்கிறது. அதே செம்பு ஒரு புள்ளியில் போனால் ஆழம் பெருகும். அதனால் சராசரித் தடிப்போடு நிறுத்தாமல் ஆழமான குழிக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தையும் பரவலாகக் கொடுக்கவேண்டும். ஸ்வீடனின் எஸ்பே நிலத்தடி ஆய்வகத்தில் 20 ஆண்டு பென்டோனைட்டுக்குள் சூடாக இருந்த செம்பு 2019ல் வெளியே எடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட மாதிரிகளிலிருந்துதான் அந்த விகிதத்தை எடுக்க முடியும்.

இயற்கையில் ஒப்பிட ஏதாவது உண்டா?

உண்டு, அளவோடு எடுத்துக்கொள்ளவேண்டும். கனடாவின் சிகார் லேக் யுரேனியம் படிவு 130 கோடி ஆண்டாகச் சுமார் 430 மீட்டர் ஆழத்தில் களிமண் சூழ இருக்கிறது. மேலே தரையில் அதன் தடயம் தெரிவதில்லை. 1676ல் பால்டிக் கடலில் மூழ்கிய குரோனன் போர்க்கப்பலின் வெண்கலப் பீரங்கி ஒன்று களிமண்ணில் புதைந்து மிகக் குறைந்த அரிப்போடு கிடைத்தது. தப்பிப் பிழைத்தவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. கரைந்து போன படிவுகள் சாட்சி சொல்ல வராது. எனவே இவற்றிலிருந்து அளவுருவின் மதிப்பை எடுக்காதீர்கள். நம் மாதிரியில் விட்டுப்போன வினை எது என்று தேட இவை நல்ல இடம்.

கூடங்குளம், கல்பாக்கம் கழிவுக்கு இந்தக் கணக்குகள் பொருந்துமா?

நேரடியாகப் பொருந்தாது. இந்தியாவில் ஆழ்நிலப் புதைகளத்துக்கு இடம் தேர்வாகவில்லை. கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் உலை வளாகத்திலேயே நீர்த் தொட்டிகளில் இருக்கிறது. புதைகளத்தை விரைந்து அமைக்கவேண்டும் என்று 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தில் ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் சூடேற்றிச் சோதனை நடத்தியது. பாறை வெப்பத்துக்கு எப்படி விரிகிறது என்ற தரவு அதிலிருந்து கிடைத்தது.

இந்தியாவின் வழி எரிபொருளை மறுசெயலாக்கம் செய்து, எஞ்சும் உயர்நிலைக் கழிவை போரோசிலிகேட் கண்ணாடியில் உறையவைப்பது. அப்போது அளவுருப் பட்டியலே மாறும். யுரேனியம் பெரும்பகுதி பிரிக்கப்பட்டுவிடுவதால், ஸ்வீடனின் கணக்கில் கலன் உடைந்தபின் முதலிடம் பிடிக்கும், யுரேனியம் சிதைவதால் உருவாகும் ரேடியம்-226 கண்ணாடிக் கழிவில் வெகுவாகக் குறையும். அயோடின்-129 பெரும்பாலும் கண்ணாடிக்குள் சேர்வதே இல்லை, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். எரிபொருள் வில்லை கரையும் வேகத்தின் இடத்தில் கண்ணாடி கரையும் வேகம் வரும். சுற்றி நிற்கும் நீரில் சிலிக்கா நிறைந்ததும் அந்த வேகம் ஆயிரம் மடங்கு அளவில்கூடச் சரியும், களிமண் அந்தச் சிலிக்காவை உறிஞ்சிக்கொண்டால் சரிவு தள்ளிப்போகும். கண்ணாடிக்கும் களிமண்ணுக்கும் நடுவே நடக்கும் அந்தச் சிலிக்காப் பரிமாற்றத்தை, நம் கண்ணாடிக் கலவையையும் நம் பென்டோனைட்டையும் வைத்து 90 டிகிரி அளவில் பல ஆண்டுகள் ஓடவிட்டு அளக்கவேண்டும். இடம் தேர்வாகும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை அது.